அற்புதக் கேள்வி கேட்டால் "தெரியலை" என்று முடிந்துவிடுகிறது. அடுத்து என்ன கேட்பது?

புது_நாற்காலி கேட்டது:

வணக்கம். கவுன்சலிங் படிப்பில் நேரடிப் பயிற்சிக் கட்டத்தில் இருக்கிறேன். ஒரு செஷன் 45 நிமிடம். தீர்வுநோக்கு முறை (பிரச்சினையைத் துருவுவதைவிட, வந்தவர் விரும்பும் மாற்றத்தைப் பற்றிப் பேசும் ஆலோசனை முறை) சொல்லும் கேள்விகள் பாடத்தில் படிக்கும்போது எளிதாகத்தான் தெரிகின்றன. எதிரே ஆள் உட்கார்ந்ததும் கீழ்க்கண்ட இடங்களில் பேச்சு நின்றுவிடுகிறது.

1. அற்புதக் கேள்விக்கு, அதாவது ஒரு அற்புதம் நடந்து பிரச்சினை தீர்ந்துவிட்டால் எப்படி இருக்கும் என்று கேட்பதற்கு, "தெரியலை" என்கிறார்கள். இல்லாவிட்டால் "என் வீட்டுக்காரர் திருந்தியிருப்பார்" என்று அடுத்தவரைப் பற்றியே பதில் வருகிறது.

2. 0 முதல் 10 வரை அளவுகோல் வைத்துக் கேட்டால் "2" என்கிறார்கள். "10 ஆக என்ன செய்யணும்?" என்று கேட்டதும் முகம் வாடிவிடுகிறது.

3. "பிரச்சினை இல்லாத நேரம் எப்போ?" என்றால் "அப்படி ஒரு நேரமே கிடையாது."

4. வந்தவரைப் பாராட்டும்படி பாடத்தில் சொல்கிறார்கள். சொன்னால் எனக்கே ஒட்டாமல் கேட்கிறது.

எந்தக் கேள்வி எதற்குப் பின் வரவேண்டும், யாரிடம் இந்த முறையே கூடாது என்பதையும் தெரிந்தவர்கள் சொன்னால் நல்லது.

---

மெல்லக்கேள்:

வரிசையிலிருந்து தொடங்குகிறேன், ஏனென்றால் உங்கள் முதல் சிக்கலின் பாதி அங்கேதான். அற்புதக் கேள்வி செஷனின் முதல் கேள்வி அல்ல. வந்தவருக்கு என்ன வேண்டும் என்பது இருவருக்கும் தெளிவாகும் முன் அதைக் கேட்டால், எதைப் பற்றிய அற்புதம் என்றே அவருக்குப் புரியாது.

முதலில் கேட்கவேண்டியது இது: "இன்னைக்கு நாம பேசி முடிக்கும்போது என்ன கிடைச்சிருந்தா, வந்தது வீண் போகலைன்னு நினைப்பீங்க?" பதில் பெரும்பாலும் ஒரு 'வேண்டாம்' ஆக வரும். கோபம் வரக்கூடாது, சண்டை கூடாது, பயம் போகணும். அதை அப்படியே எடுத்துக்கொண்டு மேலே போகாதீர்கள். "கோபம் வர்ற இடத்துல அதுக்குப் பதிலா என்ன இருக்கணும்னு ஆசைப்படுறீங்க?" என்று ஒரு சுற்று, "அப்படி இருந்தா என்ன வித்தியாசம் வரும்?" என்று இன்னொரு சுற்று. "நிதானமாப் பதில் சொல்லணும், பிள்ளைங்க என்கிட்ட வந்து பேசணும்" என்ற அளவுக்கு வந்தால் போதும். இதற்கே 10 நிமிடம் போகலாம். போகட்டும்.

இனி அற்புதக் கேள்வி. ஸ்டீவ் டி ஷேசரும் இன்சூ கிம் பெர்க்கும் 1978-இல் அமெரிக்காவின் மில்வாக்கியில் தொடங்கிய குடும்ப ஆலோசனை மையத்தில் வளர்ந்த முறை இது. ஏதாவது அற்புதம் நடந்தால்தான் உண்டு என்று ஆலோசனைக்கு வந்த ஒரு பெண் அலுத்துச் சொன்னதிலிருந்துதான் இந்தக் கேள்வியே பிறந்தது என்பார்கள். அவர்கள் கேட்ட விதத்தில் ஒவ்வொரு துண்டுக்கும் ஒரு வேலை உண்டு. பலர் அதை "ஒரு அற்புதம் நடந்து பிரச்சினை தீர்ந்தா எப்படி இருக்கும்?" என்று ஒரே வரியாகச் சுருக்கிவிடுகிறார்கள். அப்படிக் கேட்டால் "நல்லா இருக்கும்" என்பதைத் தவிர வேறு என்ன பதில் வரும்?

முழுதாக, மெதுவாக, இப்படி:

"ஒரு மாதிரி வித்தியாசமான கேள்வி ஒண்ணு கேக்கலாமா? (தலையாட்டும்வரை நிறுத்துங்கள்.) நாம பேசி முடிச்சதும் நீங்க கிளம்பிப் போறீங்க. மிச்ச வேலையைப் பாக்குறீங்க, சாப்பிடுறீங்க, படுக்குறீங்க. எல்லாரும் தூங்கியாச்சு. (நிறுத்தம்.) நீங்க தூங்கும்போது ஒரு அற்புதம் நடந்துடுது. உங்களை இங்க வரவச்ச பிரச்சினை தீர்ந்துபோச்சு. (நீண்ட நிறுத்தம்.) ஆனா நீங்க தூக்கத்துல இருந்ததால அது நடந்ததே உங்களுக்குத் தெரியாது. காலையில கண் முழிக்கிறீங்க. ஏதோ மாறியிருக்குன்னு முதல்ல எதை வச்சுக் கண்டுபிடிப்பீங்க?"

அனுமதி கேட்பது, வினோதமான கேள்விக்கு அவரைத் தயார்ப்படுத்த. மிச்ச வேலை, சாப்பாடு, படுக்கை எல்லாம் கற்பனையை அவருடைய சொந்த வீட்டுக்குள் கொண்டுபோய் வைக்க. 'நடந்ததே தெரியாது' என்பதுதான் ஆணிவேர். தீர்வு எப்படி வந்தது என்று அவர் விளக்கவேண்டிய அவசியம் அதனால் இல்லாமல் போகிறது. அடையாளங்களை மட்டும் தேடினால் போதும். 'முதல்ல' என்ற சொல் பதிலைச் சிறியதாக்குகிறது. அதை விட்டால் "வாழ்க்கையே மாறியிருக்கும்" என்று பெரிதாக ஏதாவது வரும்.

"தெரியலை" வந்தால் மறுப்பு என்று எடுத்துக்கொள்ளவேண்டாம். பெரும்பாலும் யோசிக்க நேரம் கேட்கிறார், அவ்வளவுதான். வாயை மூடிக்கொண்டு காத்திருங்கள். பத்து விநாடி மௌனம் கேட்பவருக்கு ஒரு யுகம், யோசிப்பவருக்கு ஒன்றுமே இல்லை. பிறகும் வராவிட்டால், "ஆமா, கஷ்டமான கேள்விதான். ஒரு ஊகமாச் சொல்லுங்க" என்று தளர்த்தலாம். அதுவும் எடுபடாவிட்டால் பார்க்கும் கண்ணை மாற்றுங்கள்: "நீங்க எதுவும் சொல்லாமலே, இன்னைக்கு அம்மா வேற மாதிரி இருக்காங்கன்னு உங்க பொண்ணு எதைப் பாத்துக் கண்டுபிடிப்பா?" தன்னைத் தானே பார்க்கத் தெரியாதவருக்கும் மகளின் கண்ணால் தன்னைப் பார்க்க முடிகிறது.

"வீட்டுக்காரர் திருந்தியிருப்பார்" என்ற பதிலோடு மல்லுக்கு நிற்காதீர்கள். "அவரை நாம மாத்த முடியாது, உங்களைப் பத்திச் சொல்லுங்க" என்பது உண்மைதான், ஆனால் பேச்சு அங்கேயே முறிந்துவிடும். அவர் மாற்றத்தின் வழியாகவே உள்ளே போங்கள்:

"திருந்தினவர் என்ன செய்வார்?"
"வந்ததும் கத்தமாட்டார்."
"கத்துறதுக்குப் பதிலா?"
"என்ன பண்ணேன்னு கேப்பார்."
"அப்படிக் கேட்டா நீங்க என்ன செய்வீங்க?"
"நானும் நாலு வார்த்தை பேசுவேன். இப்பல்லாம் அவர் வந்தாலே உள்ள போயிடுறேன்."
"நீங்க உள்ள போகாம அங்கேயே உக்காந்து பேசுறதைப் பாத்தா அவருக்கு என்ன தோணும்?"

மூன்றாவது, நான்காவது கேள்வியிலேயே அவருடைய சொந்தச் செயல் ஒன்று மேலே வந்துவிட்டது, கவனித்தீர்களா? அதன்பின் "வேற என்ன?" என்று தொடருங்கள். அந்தக் காலைப்பொழுது படமாகத் தெரியும்வரை, அதாவது யார் எங்கே நிற்கிறார், என்ன சொல்கிறார் என்ற அளவுக்கு, 15 முதல் 20 நிமிடம் இதிலேயே இருக்கலாம். கேள்வியைக் கேட்டுவிட்டு இரண்டு பதிலோடு அளவுகோலுக்குத் தாவுவதால்தான் இந்த முறைக்கு மேலோட்டமானது என்ற பெயர்.

---

ஏணிப்படி:

அளவுகோலைப் பற்றி மட்டும் சொல்கிறேன்.

"10 ஆக என்ன செய்யணும்?" என்பதில் இரண்டு பிழை. 2-இல் நிற்பவரிடம் எட்டுப் படியை ஒரே மூச்சில் ஏறச் சொல்கிறீர்கள். 'என்ன செய்யணும்' என்பது வேறு வீட்டுப்பாடம் கொடுப்பதுபோல் ஒலிக்கிறது.

முதலில் இரு முனையையும் சொல்லுங்கள். 10 என்பது அற்புதத்துக்கு மறுநாள். 0 என்பது நிலைமை படுமோசமாக இருந்த நாள், அல்லது உதவி தேடலாம் என்று முடிவெடுத்த நாள். 0-க்கு அர்த்தம் சொல்லாமல் கேட்டால் அவரவர் மனநிலைக்கு ஏற்ப ஒரு 0 வைத்துக்கொள்வார்கள். அடுத்த வாரம் ஒப்பிடவே முடியாது.

"2" என்றதும் மேலே பார்க்காமல் கீழே பாருங்கள். "2 எப்படி வந்தது? 0-ல இல்லாம 2-ல வச்சிருக்கிறது எது?" இதைச் சந்தேகத்தோடு கேட்டால் "ஏன் 2 சொன்னே?" என்று விசாரிப்பதுபோல் ஆகிவிடும். ஆர்வத்தோடு கேட்டால் அவர் தேட ஆரம்பிப்பார். "வேலைக்கு மட்டும் போயிட்டிருக்கேன்" என்பார். "வேற?" "ராத்திரி தம்பிகிட்ட போன்ல பேசுறேன்." "வேற?" நாலைந்து முறை கேளுங்கள். முதல் இரண்டு பதில் அவருக்கு ஏற்கெனவே தெரிந்தவை. அதற்கு அப்புறம் வருபவைதான் அவருக்கே புதியவை.

அது தீர்ந்த பிறகே மேலே, அதுவும் ஒரே ஒரு படி: "3-க்கு வந்துட்டீங்கன்னு எதைப் பாத்துத் தெரிஞ்சுக்குவீங்க?" எப்படி வருவது என்ற கேள்வி இங்கே கிடையாது. அடையாளம் துலங்கினால் வழியை அநேகமாக அவரே சொல்லிவிடுவார். 3 பெரிதாகத் தெரிந்தால் 2.5 என்று வைத்துக்கொள்ளலாம், தவறே இல்லை.

"எந்த எண் வந்தா உங்களுக்குப் போதும்?" என்றும் ஒரு முறை கேளுங்கள். 7 போதும் என்பவரை 10-க்கு இழுத்துக்கொண்டு போகத் தேவையில்லை.

0 என்று சொன்னாலும், கழித்தல் 3 என்றே சொன்னாலும், மறுக்கவேண்டாம். "அவ்வளவு மோசமா இருக்கும்போது இன்னைக்கு எழுந்து இங்க வரைக்கும் வர எப்படி முடிஞ்சது?" என்ற சமாளிப்புக் கேள்விக்குப் போங்கள். ஒருவருடைய 4-ஐ இன்னொருவருடைய 4-ஓடு ஒப்பிடாதீர்கள். நிலைமைக்கு ஒன்று, நம்பிக்கைக்கு ஒன்று, முயற்சிக்கு ஒன்று என ஒரே செஷனில் அடுக்கடுக்காக அளவுகோல் வைப்பது புதியவர்களிடம் அதிகம். அந்த ஆள் என்ன தேர்வா எழுத வந்திருக்கிறார்?

---

நிறுத்தற்குறி:

மேலே இருவரும் சொன்னதில் கருத்து வேறுபாடு இல்லை. ஆனால் 'யாரிடம் கூடாது' என்று கேட்டிருந்தீர்கள். அதை யாரும் தொடவில்லை, அதுதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது.

வீட்டில் அடி வாங்குபவரிடம் விதிவிலக்குக் கேள்வி (பிரச்சினை இல்லாத நேரத்தைப் பற்றிய அந்த மூன்றாவது கேள்வி) கேட்கவே கூடாது. "அவர் அடிக்காத நாள்ல நீங்க என்ன வித்தியாசமா நடந்துக்கிட்டீங்க?" வேறு பிரச்சினையில் இது அருமையான கேள்வி. இங்கே, அடிவிழுவதற்கு நீதான் பொறுப்பு என்று சொல்வதாகிவிடும். மெல்லக்கேள் காட்டிய அந்த "நீங்க என்ன செய்வீங்க" உரையாடலும், கத்துவதற்குப் பின்னால் வன்முறை இல்லை என்று தெரிந்துகொண்ட பிறகே. அதைத் தெரிந்துகொள்ளத் தனியாக, நேரடியாகக் கேட்கவேண்டும்: "கத்துறதோட நிக்குதா? அடிச்சிருக்காரா? உங்களுக்குப் பயமா இருக்கா?" இருக்கிறது என்றால் பேச்சு பாதுகாப்பைப் பற்றியதாக மாறவேண்டும். எங்கே போவார், யாரைக் கூப்பிடுவார், குழந்தைகளுக்கு என்ன ஏற்பாடு என்பதெல்லாம் முதலில்.

தற்கொலை எண்ணம் வெளிப்பட்டால் அற்புதத்தை ஓரம் வைத்துவிட்டு நேராகக் கேளுங்கள்: சாகணும்னு தோணுதா, எப்படி என்று யோசித்திருக்கிறாரா, அதற்கான பொருள் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கிறதா, முன்பு முயன்றிருக்கிறாரா. கேட்பதால் எண்ணம் புதிதாக முளைத்துவிடாது. மேற்பார்வையாளருக்கு அன்றே தெரிவிக்கவேண்டும். அவரைத் தனியாக அனுப்பக்கூடாத நிலையும் இருக்கலாம். இதெல்லாம் கவனித்த பிறகு சமாளிப்புக் கேள்விகளுக்கு உண்மையிலேயே இடம் உண்டு: "நேத்து ராத்திரி அந்த எண்ணம் வந்தப்ப எது உங்களைத் தாங்கிப் பிடிச்சது?" ஆனால் ஒருவர் அளவுகோலில் 6 சொல்லிவிட்டார் என்பதால் ஆபத்து இல்லை என்று எழுதிவிடாதீர்கள். அந்த எண் பேச்சை வளர்க்கத்தான். ஆபத்தை மதிப்பிட அது கருவி ஆகாது.

தினமும் நிறையக் குடிப்பவர் அற்புதக் கேள்விக்குப் பதிலாக "நாளைக்கே ஒரேயடியா நிறுத்திடுவேன்" என்றால் கைதட்டாதீர்கள். நெடுநாள் அதிகம் குடித்தவர் திடீரென்று நிறுத்தினால் வலிப்பு வரலாம், மனக்குழப்பம் வரலாம், உயிருக்கே ஆபத்தாகவும் முடியலாம். டாக்டரைப் பார்த்துவிட்டு நிறுத்தும்படிதான் சொல்லவேண்டும்.

புதிதாக இழவு கண்டவரிடம் "பிரச்சினை தீர்ந்துவிட்டது" என்ற கற்பனைக்கு ஒரே பதில்தான்: போனவர் திரும்பி வந்திருப்பார். அதைக் கேட்க வைத்துவிட்டு "அது முடியாதே" என்று சொல்வது கொடுமை. ஆரம்ப நாட்களில் இந்தக் கேள்வியைத் தவிருங்கள். வேறு விஷயத்துக்காக வந்தவர் இப்படிப் பதில் சொல்லிவிட்டால் திருத்தாமல், கொஞ்சம் இருந்துவிட்டு, "அவங்க இப்ப உங்களைப் பாத்தா, இந்த நிலைமையிலும் நீங்க எதைச் சமாளிச்சிட்டிருக்கீங்கன்னு நினைச்சுச் சந்தோஷப்படுவாங்க?" என்று கேட்கலாம்.

பொதுவாகவும் ஒன்று. வந்தவர் வேதனையைச் சொல்ல ஆரம்பித்த மூன்றாவது நிமிடத்திலேயே "அது இல்லாத நேரம் எப்போ?" என்று திருப்பினால், நம்ம கஷ்டம் இவருக்குக் காதிலேயே விழவில்லை என்று அவர் நினைப்பது நியாயம்தானே. "அப்படி ஒரு நேரமே கிடையாது" என்ற பதிலில் பாதி அந்தக் கோபம்.

---

புது_நாற்காலி:

நன்றி. வன்முறை பற்றிய எச்சரிக்கை எங்கள் பாடக் குறிப்பில் இவ்வளவு தெளிவாக இல்லை. விதிவிலக்கும் பாராட்டும் இன்னும் பாக்கி. இரண்டாவது செஷனை எப்படித் தொடங்குவது? "ஒண்ணும் மாறலை" என்று சொல்லிவிட்டால்?

---

மெல்லக்கேள்:

நிறுத்தற்குறி சொன்னது சரி. என் உதாரணத்துக்கு முன்னால் அந்தக் கேள்வி நிச்சயம் போகவேண்டும்.

விதிவிலக்கு: 'பிரச்சினையே இல்லாத நேரம்' என்று முழுமையாகக் கேட்டால் கிடையாது என்றுதான் வரும். குறைவை, தாமதத்தைத் தேடுங்கள். எப்போது கொஞ்சம் லேசாக இருந்தது, எப்போது சீக்கிரம் அடங்கியது, கோபம் வந்தும் வாய்விட்டுச் சொல்லாமல் போன தருணம் எது. அப்படி ஒன்று கிடைத்ததும் "அன்னைக்கு அதை எப்படிச் செஞ்சீங்க?" என்று கேளுங்கள். "அது தானா நடந்தது" என்பார்கள். "தானா நடந்தப்ப, அந்த நேரம் நீங்க எங்க இருந்தீங்க, என்ன பண்ணிட்டிருந்தீங்க?" என்று இடம், நேரம், ஆள் கேட்டு நெருங்குங்கள். அற்புதக் காலையைப் பேசி முடித்தபின் "இதுல ஏதாவது சின்னத் துண்டு ஏற்கெனவே நடந்திருக்கா?" என்று கேட்டால் விதிவிலக்கு இன்னும் சுலபமாக வரும். நேரடியாகக் கேட்பதைவிட எனக்கு இந்த வழிதான் பிடிக்கும்.

பாராட்டு: "நீங்க ரொம்பத் தைரியசாலி" ஒட்டாது. குணத்துக்குச் சான்றிதழ் கொடுக்க நாம் யார்? அவர் வாயால் சொன்ன ஒரு செயலைப் பிடித்துக்கொள்ளுங்கள்: "மூணு ராத்திரி தூங்காமலும் பிள்ளையை நேரத்துக்கு அனுப்பிட்டீங்க." அதையே கேள்வியாகவும் கேட்கலாம்: "தூக்கமே இல்லாம அதை எப்படிச் செஞ்சீங்க?" கேள்வியாகக் கேட்கும்போது அவரே தன்னைப் பாராட்டிக்கொள்ளவேண்டி வருகிறது, அதனால் பொய்யாகத் தோன்றாது.

முடிவுக்கு 5 நிமிடம் முன் ஒரு சிறு இடைவேளை எடுங்கள். மில்வாக்கியில் ஒருவழிக் கண்ணாடிக்குப் பின்னால் குழு இருந்தது. ஆலோசகர் எழுந்துபோய் அவர்களோடு பேசித் திரும்புவார். தனியாகப் பார்ப்பவரும் "ரெண்டு நிமிஷம் குறிப்பைப் பாத்துக்கிறேன்" என்று சொல்லலாம். பிறகு மூன்றே அடுக்கு: அவர் சொன்னதிலிருந்து எடுத்த இரண்டு மூன்று பாராட்டு, அதை அவர் நோக்கத்தோடு இணைக்கும் ஒரு வாக்கியம், ஒரு சிறு பணி. எதையோ ஏற்கெனவே செய்துகொண்டிருப்பவரிடம் அதையே தொடரச் சொல்லலாம். எல்லாம் அடுத்தவர் தவறு என்று நிற்பவரிடம் செய்யச் சொல்லாதீர்கள், கவனிக்கச் சொல்லுங்கள்: "அடுத்த தடவை வர்றதுக்குள்ள, வீட்டுல எதெல்லாம் இப்படியே தொடரணும்னு நினைக்கிறீங்களோ, அதைக் கவனிச்சு வந்து சொல்லுங்க." டி ஷேசர் குழு 1980-களிலேயே முதல் செஷன் முடிவில் எல்லோருக்கும் பொதுவாகக் கொடுத்த பணி இது.

இரண்டாவது செஷனின் முதல் வாக்கியம்: "போன தடவை பாத்ததுக்கு அப்புறம் எதெல்லாம் கொஞ்சம் தேவலை?" 'எப்படி இருக்கீங்க' என்றோ 'கொடுத்த பணியைச் செஞ்சீங்களா' என்றோ ஆரம்பிக்கவேண்டாம். பணியைச் செய்யாதவர் கூனிக்குறுகுவார், அந்த வாரத்தில் வேறு ஏதாவது நல்லது நடந்திருந்தாலும் வெளியே வராது. ஏதாவது ஒன்று சொன்னால் விரித்துக் கேளுங்கள்: யார் கவனித்தார்கள், எப்படி முடிந்தது, அதனால் என்ன வந்தது. பிறகு "வேற என்ன தேவலை?" என்று மறுபடி முதலிலிருந்து.

"ஒண்ணும் மாறலை" என்றால் வாரத்தை நாளாக உடையுங்கள். நேற்று, முந்தாநாள், ஞாயிறு. எல்லா நாளும் ஒரே மாதிரி மோசமாக இருப்பது அரிது. நிஜமாகவே மோசமாகியிருந்தால் நல்லதைத் தேடித் துருவாதீர்கள். என்ன நடந்தது என்று முழுதாகக் கேளுங்கள், ஆபத்து இருக்கிறதா என்று பாருங்கள், பிறகே "இதுக்கு மேல போகாம எப்படிப் பிடிச்சு நிறுத்தினீங்க?" மூன்று செஷன் போயும் எதுவும் நகரவில்லை என்றால் அவரிடமே கேளுங்கள்: "நாம சரியான விஷயத்தைத்தான் பேசிட்டிருக்கோமா?" பல சமயம் அவர் வேண்டியது ஒன்று, நாம் எழுதிவைத்த நோக்கம் இன்னொன்று.

---

ஏணிப்படி:

ஒரு சின்னச் சேர்க்கை. பேசவே மறுக்கும் வளரிளம் வயதினருக்கு, தாளில் ஒரு கோடு போட்டு இரு முனையிலும் 0, 10 எழுதிக் கொடுத்து, எதைப் பற்றி என்று சொல்லாமலே புள்ளி வைக்கச் சொல்லலாம். "எதைப் பத்தின்னு எனக்குச் சொல்ல வேண்டாம். ஒரு படி மேல போனா முதல்ல யாருக்குத் தெரியும்? அவங்க என்ன பாப்பாங்க?" விஷயத்தை வெளியே விடாமலே அரைமணி நேரம் உருப்படியாகப் பேசலாம். ஆனால் அந்தப் பையனோ பெண்ணோ பத்திரமாக இருக்கிறார்களா என்ற கேள்வியை மட்டும் கோட்டுக்குள் ஒளிக்காமல் வெளிப்படையாகக் கேட்டுவிடுங்கள். புள்ளியை அவர்களே வைக்கட்டும், பென்சில் அவர்கள் கையில் இருக்கட்டும்; தாளையும் வேண்டுமென்றால் அவர்களே எடுத்துப் போகலாம்.

---

புது_நாற்காலி:

இந்த வாரம் அளவுகோலில் கீழ்ப்பக்கக் கேள்வியை மட்டும் எடுத்துக்கொள்கிறேன். குறிப்பு எழுதும்போது அவர்கள் சொன்ன சொல்லையே எழுதுவதா, நம் கலைச்சொல்லில் எழுதுவதா?

---

மெல்லக்கேள்:

அவர்கள் சொன்னதையே, மேற்கோள் குறிக்குள். "நெஞ்சு அடைக்குது" என்றவருக்கு 'பதற்றம்' என்று எழுதிவைத்தால் அடுத்த வாரம் உங்கள் வாயில் 'பதற்றம்' என்றே வரும். அவர் தான் சொல்லாத ஒன்றைப் பற்றிப் பேசவேண்டியிருக்கும். நிறுவனம் கேட்கும் படிவத்தில் கலைச்சொல்லை எழுதிக்கொள்ளுங்கள். உங்கள் கையில் இருக்கும் தாளில் மூன்று விஷயம் போதும்: அவர் வேண்டியது, அவர் சொன்ன எண்ணும் அதற்குக் காரணமாக அவர் சொன்னவையும், அடுத்த படியின் அடையாளம். ஆபத்து பற்றிக் கேட்டதும் அவர் சொன்ன பதிலும், எடுத்த நடவடிக்கையும் தனியாக, தேதி நேரத்தோடு.